அமெரிக்கத் தேர்தல்களும் மக்கள் கருத்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க அதிபர் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் தமிழ் நாளிதழ்களிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் கருத்துக்கணிப்பு எண்கள் குவிகின்றன. முடிவு வந்த மறுநாளே அமெரிக்காவே மாறிவிட்டது என்ற தீர்ப்பும் எழுதப்பட்டுவிடுகிறது. உண்மையில், அந்நாட்டு மக்கள் மனத்தில் இருக்கும் கருத்து, அவர்கள் அளிக்கும் வாக்கு, அவ்வாக்குகளிலிருந்து கிடைக்கும் முடிவு ஆகிய மூன்றுக்கும் இடையே கவனிக்கத்தக்க இடைவெளிகள் உள்ளன. அந்த இடைவெளிகளைப் பற்றி வாசகர்கள் மீண்டும் மீண்டும் எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

அதிக வாக்கு வாங்கியவர் தோற்றுப்போவது எப்படி?

அமெரிக்க அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. 538 பேர் கொண்ட தேர்வாளர் குழுவில் 270 பேரின் ஆதரவைப் பெறுபவரே அதிபராகிறார். நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் ஒரு மாநிலத்துக்கு உள்ள இடங்களோடு மேலவையான செனட்டில் உள்ள 2 இடங்களையும் கூட்டினால் எத்தனை வருமோ, அத்தனை தேர்வாளர்கள் அம்மாநிலத்துக்கு உண்டு. தலைநகர் வாஷிங்டனுக்கு 3 பேர். மெய்ன், நெப்ராஸ்கா ஆகிய மாநிலங்களைத் தவிர மற்ற எல்லா இடங்களிலும் ஒரே ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவருக்குக்கூட அத்தனை தேர்வாளர்களும் போய்விடுவார்கள். ஆகவே ஒரு மாநிலத்தில் 30 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் வென்றாலும், 300 வாக்கு வித்தியாசத்தில் வென்றாலும் பலன் ஒன்றுதான்.

2000ஆம் ஆண்டில் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ்ஷைவிட ஜனநாயகக் கட்சியின் அல் கோர் நாடு முழுவதும் ஏறத்தாழ 5.4 லட்சம் வாக்குகள் கூடுதலாகப் பெற்றிருந்தும், ஃபுளோரிடாவில் 537 வாக்குகளில் பின்தங்கியதால் தோற்றார். அம்மாநிலத்தின் பாம் பீச் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டத்தைப் போன்ற நிர்வாகப் பகுதி) பயன்படுத்தப்பட்ட வாக்குச்சீட்டைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். வேட்பாளர் பெயர்கள் சீட்டின் இரு பக்கங்களிலும் அச்சிடப்பட்டிருந்தன. துளையிட வேண்டிய புள்ளிகளோ நடுவில் ஒரே வரிசையில் இருந்தன. இடப்பக்கத்தில் இரண்டாவது பெயர் கோருடையது, ஆனால் இரண்டாவது துளை வலப்பக்கத்தில் முதலில் இருந்த மற்றொரு வேட்பாளரான பேட் புக்கானனுக்கு உரியது. அந்தக் கவுண்டியில் மட்டும் புக்கானனுக்கு 3,407 வாக்குகள் விழுந்தன. அவற்றில் பல தமக்காகப் போடப்பட்டவை அல்ல என்பதை அவரே மறுக்கவில்லை. மறு எண்ணிக்கை வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, டிசம்பர் 12 அன்று புஷ்ஷுக்குச் சாதகமாக முடிந்தது.

2016இல் ஹிலாரி கிளிண்டன் 28 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் முன்னணியில் இருந்தும், மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா ஆகிய 3 மாநிலங்களில் மொத்தம் சுமார் 78,000 வாக்குகளில் அதிபர் பதவியை இழந்தார். 2020இல் ஜோ பைடன் நாடளவில் 70 லட்சம் வாக்குகள் முந்தினார். ஆனாலும் அரிசோனா, ஜார்ஜியா, விஸ்கான்சின் ஆகிய மாநிலங்களில் அவருக்கு இருந்த முன்னணி மூன்றும் சேர்ந்து சுமார் 43,000 மட்டுமே. அம்மூன்றும் கைமாறியிருந்தால் இருவருக்கும் 269 என்று சமநிலை ஏற்பட்டிருக்கும். இத்தகைய எண்களை மனத்தில் கொண்டால், ஒரு தேர்தல் முடிவை வைத்து ஒரு தேசத்தின் மனநிலை முழுவதையும் எடைபோடுவது எவ்வளவு அவசரமான செயல் என்பது விளங்கும்.

எல்லோரும் ஏன் 7 மாநிலங்களைப் பற்றியே பேசுகின்றனர்?

மற்ற மாநிலங்களின் முடிவு பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்துவிடுவதால்தான். 2024இல் பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின், ஜார்ஜியா, வட கரோலினா, அரிசோனா, நெவாடா ஆகியவையே இழுபறி மாநிலங்களாகக் கருதப்பட்டன. அந்த ஏழு மாநிலங்களையும் டொனால்ட் டிரம்ப் வென்றார். மாநிலங்களைச் சிவப்பு (குடியரசுக் கட்சி), நீலம் (ஜனநாயகக் கட்சி) என்று பிரித்துக் காட்டும் வரைபடங்கள் ஓர் உண்மையை மறைத்துவிடுகின்றன. 2020இல் டிரம்புக்கு மிக அதிக வாக்குகளை அளித்த மாநிலம் டெக்சாஸ் அன்று, கலிஃபோர்னியாதான். அங்கே 60 லட்சம் பேர் அவருக்கு வாக்களித்தனர்; கிடைத்த தேர்வாளர் ஒருவர்கூட இல்லை.

அமெரிக்கர் எதை வைத்து வாக்களிக்கிறார்? கொள்கையையா, வேட்பாளரையா?

பெரும்பாலோர் கட்சியை வைத்தே வாக்களிக்கின்றனர். நம்ப மறுப்பவர்கள் பலர் இருந்தாலும், முக்கால் நூற்றாண்டுக்கும் மேலான ஆய்வுகள் இதே விடையைத்தான் திரும்பத் திரும்பத் தந்திருக்கின்றன.

1940இல் ரூஸ்வெல்ட்டும் வெண்டல் வில்கியும் போட்டியிட்டபோது, கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் லாசர்ஸ்ஃபெல்ட் தலைமையிலான ஆய்வாளர்கள் ஒஹாயோ மாநிலத்தின் ஈரி கவுண்டியில் சுமார் 600 வாக்காளர்களை மே மாதம் தொடங்கி நவம்பர் வரை மாதந்தோறும் சந்தித்துப் பேசினர். வானொலியும் செய்தித்தாளும் மக்கள் மனத்தை எவ்வாறு மாற்றுகின்றன என்று கண்டறிவதே அவர்களுடைய நோக்கம். ஆனால் பிரசாரத்தால் ஒரு கட்சியிலிருந்து மறு கட்சிக்குத் தாவியவர்கள் மிகச் சிலரே என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த விடை. ஏற்கெனவே ஒரு பக்கம் இருந்தவர்களை அந்தப் பக்கமே இன்னும் உறுதியாக நிற்க வைத்தது பிரசாரம். வானொலிப் பேச்சைவிட வீட்டார், நண்பர், உடன் வேலை செய்பவர் ஆகியோரின் பேச்சுக்கே வலிமை அதிகமாக இருந்தது.

1950களில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை நாடு தழுவிய அளவில் ஆராய்ந்து, கட்சிப்பற்று என்பது பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவது, மத அடையாளத்தைப் போல நீடிப்பது, வேட்பாளரையும் பிரச்சினையையும் எப்படிப் பார்ப்பது என்பதையே அதுதான் தீர்மானிக்கிறது என்று காட்டினர். இன்று அந்தப் பற்று இன்னும் இறுகியிருக்கிறது. முன்பெல்லாம் அதிபருக்கு ஒரு கட்சி, செனட்டுக்கு வேறொரு கட்சி என்று வாக்களித்தவர்கள் ஏராளம். 2016இல் செனட் தேர்தல் நடந்த ஒவ்வொரு மாநிலத்திலும் அதிபர் தேர்தலில் வென்ற கட்சியே செனட் இடத்தையும் வென்றது. 2020இல் அதற்கு விலக்காக இருந்தது மெய்ன் மட்டுமே. அங்கே பைடன் வென்றார், குடியரசுக் கட்சியின் சூசன் காலின்ஸும் வென்றார்.

நம் கவனத்துக்குரிய இன்னொரு செய்தியும் உண்டு. கட்சிப்பற்று வாக்கை மட்டுமன்றி, கண்ணெதிரே உள்ள நிலவரத்தைக் காணும் பார்வையையும் மாற்றுகிறது. 2016 நவம்பரில் டிரம்ப் வென்ற சில வாரங்களிலேயே, பொருளாதாரம் மோசம் என்று அதுவரை சொல்லிவந்த குடியரசுக் கட்சியினரில் பலர் அது சீரடைவதாகச் சொல்லத் தொடங்கினர். ஜனநாயகக் கட்சியினரின் நம்பிக்கை சரிந்தது. அதற்குள் விலைவாசியோ வேலைவாய்ப்போ குறிப்பிடும்படி மாறியிருக்கவில்லை. 2020க்குப் பின் இதே மாற்றம் எதிர்த்திசையில் நிகழ்ந்தது.

எந்தக் கட்சியையும் சாராதவர்கள் 40 சதவீதத்துக்கும் மேல் என்கிறார்களே?

கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனத்தின் கணிப்புகளில் அப்படித்தான் பதில் வருகிறது. ஆனால் எந்தக் கட்சியின் பக்கம் சற்றேனும் சாய்கிறீர்கள் என்று அடுத்த கேள்வியைக் கேட்டால், அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரு கட்சியைச் சொல்லிவிடுகின்றனர். வாக்களிக்கும்போதும் ஏறக்குறைய அக்கட்சியின் தொண்டர்களைப் போலவே நடந்துகொள்கின்றனர். எந்தப் பக்கமும் சாயாதவர்கள் மிகச் சிறிய பகுதியினர். அவர்கள் அரசியலை அதிகம் கவனிப்பதில்லை, வாக்களிக்க வருவதும் குறைவு.

பொருளாதாரம்தான் தேர்தலைத் தீர்மானிக்கிறதா?

கட்சிப்பற்று மாறாதது என்றால் முடிவுகள் மாறுவது எப்படி என்ற கேள்விக்கு ஒரு பகுதி விடை இதில் உள்ளது. ஓரத்தில் நிற்கும் சில சதவீதத்தினர் கடந்த சில ஆண்டுகளை நினைத்துப் பார்த்து, ஆளுங்கட்சிக்குப் பரிசோ தண்டனையோ வழங்குகின்றனர். 1980 அக்டோபர் விவாதத்தில், 4 ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிட இப்போது நன்றாக இருக்கிறீர்களா என்று ரொனால்ட் ரேகன் வாக்காளர்களைக் கேட்டது இந்த மனநிலையை நோக்கித்தான். மூத்த புஷ் வளைகுடாப் போர் முடிந்த 1991 தொடக்கத்தில் 89 சதவீத ஆதரவுடன் இருந்தார். மந்தநிலைக்குப் பிறகு வந்த 1992 தேர்தலில், சுயேச்சை வேட்பாளர் ராஸ் பெரோவும் களத்தில் இருந்த நிலையில், 37.4 சதவீத வாக்குகளே பெற்றுத் தோற்றார்.

2024இல் வேலையின்மை குறைவாகவே இருந்தது. 2022 ஜூனில் 9.1 சதவீதத்தைத் தொட்ட பணவீக்கமும் 3 சதவீதத்துக்குக் கீழே வந்திருந்தது. பணவீக்கம் குறைந்தது என்றால் விலை ஏறும் வேகம் குறைந்தது என்றுதான் பொருள். ஏறிய விலை இறங்கவில்லை. மளிகைக் கடையில் பணம் கொடுப்பவர் பார்ப்பது விலையைத்தான். கமலா ஹாரிஸின் தோல்விக்கு அவருடைய பேச்சையும் பிரசாரத்தையும் மட்டுமே காரணமாகச் சொல்பவர்கள், அதே காலகட்டத்தில் பிரிட்டன் உள்ளிட்ட பல நாடுகளிலும் ஆளுங்கட்சிகள் வாக்கிழந்ததைக் கணக்கில் கொள்ள வேண்டும். டிரம்ப் பெற்றது 49.8 சதவீதம், ஹாரிஸ் பெற்றது 48.3 சதவீதம் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

இனம், கல்வி, பாலினம் ஆகியவற்றின் பங்கு என்ன?

லிங்கனின் கட்சி என்பதால் கறுப்பின மக்கள் நெடுங்காலம் குடியரசுக் கட்சியை ஆதரித்தனர். 1930களில் ரூஸ்வெல்ட்டின் காலத்தில் அவர்களில் பெரும்பகுதியினர் ஜனநாயகக் கட்சியை நோக்கித் திரும்பினர். 1964இல் இனப் பாகுபாட்டைத் தடை செய்த குடிமை உரிமைகள் சட்டத்தை ஜனநாயகக் கட்சியின் லிண்டன் ஜான்சன் நிறைவேற்ற, அதை எதிர்த்து வாக்களித்த பேரி கோல்டுவாட்டரைக் குடியரசுக் கட்சி வேட்பாளராக்கிய பிறகு, அந்தத் திருப்பம் உறுதியானது. அதே கோல்டுவாட்டர் தம் சொந்த மாநிலமான அரிசோனாவையும் தென்பகுதியின் 5 மாநிலங்களையும் மட்டுமே வென்றார். வெள்ளையரின் தென்பகுதி குடியரசுக் கட்சிக்கு மாறும் நீண்ட பயணம் அங்கே வேகம் பிடித்தது. சட்டம் வாக்காளர் தொகையையே மாற்றிவிடும் என்பதற்கு மிசிசிப்பி சான்று. வாக்குரிமைச் சட்டம் வந்த 1965க்கு முன் அங்கே கறுப்பின மக்களில் சுமார் 7 சதவீதத்தினரே வாக்காளர் பட்டியலில் இருந்தனர். 1967இல் அது 60 சதவீதத்தை நெருங்கியது. எழுத்தறிவுத் தேர்வு என்ற பெயரிலும் வன்முறையாலும் பறிக்கப்பட்டிருந்த உரிமை, 2 ஆண்டுகளில் பெருமளவு மீண்டது.

அண்மைக்காலத்தின் பெரிய பிளவு கல்வி சார்ந்தது. கல்லூரிப் பட்டம் பெற்றவர்கள் ஜனநாயகக் கட்சியை நோக்கியும், பட்டம் பெறாத வெள்ளையர்கள் குடியரசுக் கட்சியை நோக்கியும் நகர்ந்துள்ளனர். 2020 முதல் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரிடமும் மாற்றம் தெரிகிறது. டெக்சாஸின் தென்முனையில், ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் உள்ள ஸ்டார் கவுண்டியின் மக்களில் ஏறத்தாழ அனைவரும் லத்தீன் வம்சாவளியினர். அங்கே 2016இல் ஹிலாரி 79 சதவீதம் பெற்றார். 2020இல் பைடன் 52 சதவீதத்தோடு தப்பித்தார். 2024இல் டிரம்ப் ஏறத்தாழ 58 சதவீதம் பெற்று வென்றார். 1892க்குப் பின் அந்தக் கவுண்டி அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சிக்கு வாக்களித்தது அதுவே முதல் முறை. ஒரு சமூகத்தின் வாக்குகள் என்றென்றும் ஒரு கட்சிக்கே உரியவை என்று எண்ணுவதற்கு இடமில்லை.

பெண்கள் ஆண்களைவிட அதிக அளவில் ஜனநாயகக் கட்சியை ஆதரிப்பது 1980 முதல் தொடர்கிறது; அன்றிலிருந்து ஒவ்வோர் அதிபர் தேர்தலிலும் பெண்களின் வாக்குப்பதிவு விகிதம் ஆண்களுடையதைவிட அதிகம்.

வாக்குப்பதிவு ஏன் குறைவாக இருக்கிறது?

வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்ப்பது பெரும்பாலும் குடிமகனின் பொறுப்பாகவே விடப்பட்டுள்ளது. வீடு மாறினால் மீண்டும் பதிய வேண்டும். வட டகோட்டாவில் மட்டும் முன்பதிவு என்பதே இல்லை. வாக்குப்பதிவு நாள் நவம்பர் மாதத்தின் முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாய் என்று 1845இல் இயற்றிய சட்டம் சொல்கிறது. அது நாடு தழுவிய விடுமுறை அன்று. இந்தியாவில் உள்ளதைப் போலத் தேர்தலை நடத்தும் ஒரே ஆணையம் அங்கே கிடையாது. மாநிலங்களும் கவுண்டிகளும் தத்தம் விதிப்படி நடத்துகின்றன.

இருப்பினும் குறைவு என்ற பொதுப்பேச்சு இப்போது முழுவதும் பொருந்தாது. அதிபர் தேர்தல் இல்லாத ஆண்டுகளில் நாடாளுமன்றத்துக்கு நடக்கும் இடைக்காலத் தேர்தலில் 2014இல் சுமார் 36 சதவீதமாக இருந்த வாக்குப்பதிவு 2018இல் 50 சதவீதத்தை எட்டியது. 2020 அதிபர் தேர்தலில் தகுதியுள்ளவர்களில் 66 சதவீதத்தினர் வாக்களித்தனர். வாக்குப்பதிவு உயர்ந்தால் ஜனநாயகக் கட்சிக்கு லாபம் என்ற பழைய கணக்கும் தளர்ந்துவிட்டது. தவறாமல் வாக்களிக்கும் பட்டதாரிகள் அக்கட்சிக்கு வந்துவிட்டதால், கூட்டம் குறைந்த தேர்தல்களில் இப்போது அக்கட்சியே நன்றாகச் செய்கிறது.

1,000 பேரைக் கேட்டு 16 கோடி வாக்காளர்களின் மனத்தை அறிய முடியுமா?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே பொருந்தும். ஆனால் பானை முழுவதும் ஒரே சீராக வெந்திருக்க வேண்டும். எத்தனை பேரைக் கேட்டோம் என்பதைவிட, யாரை எப்படித் தேர்ந்தெடுத்துக் கேட்டோம் என்பதே முக்கியம்.

இதற்கு 1936ஐ விடச் சிறந்த பாடம் இல்லை. முந்தைய தேர்தல்களில் வெற்றியாளரைச் சரியாகச் சொல்லிவந்த லிட்டரரி டைஜஸ்ட் என்ற வார இதழ், அந்த ஆண்டு ஏறத்தாழ 1 கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டுகளை அஞ்சலில் அனுப்பியது. 20 லட்சத்துக்கும் அதிகமானோர் திருப்பி அனுப்பினர். அவற்றை எண்ணி, குடியரசுக் கட்சியின் ஆல்ஃப் லாண்டன் 57 சதவீதத்தோடு வெல்வார் என்று அறிவித்தது. ரூஸ்வெல்ட் 61 சதவீதத்துக்கு அருகில் வாக்குப் பெற்று 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். தொலைபேசிப் பட்டியல்களிலிருந்தும் மோட்டார் வாகனப் பதிவேடுகளிலிருந்தும் முகவரிகளை எடுத்ததால், பெருமந்தத்தில் வாடிய ஏழைகள் அதில் குறைவாகவே இடம்பெற்றனர். அதைவிட, ரூஸ்வெல்ட் மீது கோபம் கொண்டவர்களே ஆர்வத்துடன் சீட்டைத் திருப்பி அனுப்பினர். மிகச் சிறிய மாதிரியை வைத்துக்கொண்டு ஜார்ஜ் கேலப் வெற்றியாளரைச் சரியாகக் கணித்தார். அவரும் 1948இல் தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன்பே கணிப்பை நிறுத்திக்கொண்டதால், டூயி வெல்வார் என்று தவறாகச் சொன்னார், வென்றவர் ட்ரூமன்.

1,000 பேரைக் கேட்ட கணிப்புக்குப் பிழை வரம்பு கூட்டவோ குறைக்கவோ சுமார் 3 புள்ளி. அது ஒவ்வொரு வேட்பாளரின் எண்ணுக்கும் தனித்தனியே பொருந்தும். இருவருக்கும் இடையிலான வித்தியாசத்துக்கு ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஆகவே 48க்கு 46 என்று வரும் கணிப்பை ஒருவர் முன்னணியில் இருக்கிறார் என்ற தலைப்போடு வெளியிடுவது வாசகருக்குச் செய்யும் அநீதி.

அப்படியானால் 2016இலும் 2020இலும் கணிப்புகள் ஏன் பிசகின?

2016இல் நாடளவிலான கணிப்புகள் பெரிதாகத் தவறவில்லை. மாநிலக் கணிப்புகளே தவறின. கணிப்புகளுக்குப் பதில் சொல்பவர்களில் பட்டதாரிகள் அதிகம். அந்த மிகுதியைச் சரிக்கட்டும் கணக்கைப் பல மாநிலக் கணிப்புகள் செய்யவில்லை. பட்டதாரிகளோ அந்த ஆண்டு ஜனநாயகக் கட்சிப் பக்கம் வலுவாகச் சாய்ந்திருந்தனர். கடைசி வாரத்தில் முடிவெடுத்த பலர் டிரம்ப் பக்கம் சென்றதும் இன்னொரு காரணம். 2020இல் கல்வி கணக்கில் சேர்க்கப்பட்ட பிறகும் பிழை கூடியது. நாடளவிலான கணிப்புகளில் 40 ஆண்டுகளில் காணாத அளவுக்குத் தவறு நேர்ந்தது. கணிப்பாளர்களையும் ஊடகங்களையும் நம்பாதவர்கள் தொலைபேசியையே எடுப்பதில்லை என்பதுதான் பரவலாக ஏற்கப்படும் விளக்கம். பியூ ஆய்வு மையத்தின் தொலைபேசிக் கணிப்புகளில் 1997இல் 36 சதவீதமாக இருந்த பதில் விகிதம் 2018இல் 6 சதவீதமாகச் சுருங்கியது. பேசாத 94 பேரின் மனத்தைப் பேசிய 6 பேரிடமிருந்து ஊகிக்கும் வேலையாகக் கணிப்பு மாறிவிட்டது. அது இந்த அளவுக்கேனும் சரியாக அமைவதே வியப்புக்குரியது.

கேள்வியின் வாசகம் பதிலை மாற்றுமா?

மாற்றும், அதுவும் பெருமளவில். ஏழைகளுக்கு உதவ அரசு செலவிடும் தொகை போதாது என்று சொல்பவர்கள் நீண்டகாலக் கணிப்புகளில் பெரும்பான்மையினர். அதே கேள்வியில் ஏழைகளுக்கான உதவி என்பதற்குப் பதிலாக வெல்ஃபேர் (அரசு நல உதவி) என்று கேட்டால், போதாது என்பவர்கள் சிறுபான்மையினராகிவிடுகின்றனர். கணிப்பு முடிவைப் படிக்கும் எவரும் கேட்கப்பட்ட கேள்வியை முழுமையாகப் படித்துவிட்டு எண்ணுக்குச் செல்வது நல்லது.

பெரும்பான்மை மக்கள் விரும்புவது ஏன் சட்டமாவதில்லை?

துப்பாக்கி வாங்குபவர் அனைவரின் பின்னணியையும் சரிபார்க்க வேண்டும் என்பதை 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் ஆதரிப்பதாகக் கணிப்புகள் காட்டுகின்றன. கனெக்டிகட்டில் சாண்டி ஹுக் பள்ளிப் படுகொலைக்குப் பின் 2013இல் அத்தகைய திருத்தம் செனட்டுக்கு வந்தபோது 54 பேர் ஆதரித்தனர், எதிர்ப்பவர்களின் முட்டுக்கட்டையைத் தாண்டத் தேவைப்பட்டதோ 60. ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும், ஏறத்தாழ 4 கோடிப் பேர் வாழும் கலிஃபோர்னியாவுக்கும் செனட்டில் தலா 2 இடங்களே. பிரதிநிதிகள் சபையில் தொகுதி எல்லைகளைப் பல மாநிலங்களில் ஆளுங்கட்சியே வரைகிறது. கட்சி லாபத்துக்காக வரைவதைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் தடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. பாதுகாப்பான தொகுதியில் உறுப்பினர் அஞ்சுவது பொதுத்தேர்தலுக்கு அன்று, சொந்தக் கட்சியின் சிலர் மட்டும் வாக்களிக்கும் உட்கட்சித் தேர்தலுக்குத்தான்.

சில மாநிலங்களில் சட்டத்தையே மக்களின் நேரடி வாக்குக்கு விடும் வழக்கம் உண்டு. அங்கே கருத்துக்கும் கட்சிக்கும் உள்ள தூரத்தை நேராகப் பார்க்கலாம். 2024 நவம்பரில் மிசௌரி வாக்காளர்கள் ஒரே சீட்டில் இரு முடிவுகளை எடுத்தனர்: டிரம்புக்கு 58 சதவீதம் வாக்களித்தனர், கருக்கலைப்பு உரிமையை மாநில அரசமைப்பில் சேர்க்கும் திருத்தத்தையும் 51.6 சதவீத ஆதரவோடு நிறைவேற்றினர். அதே நாளில் ஃபுளோரிடாவில் அதே நோக்கமுள்ள திருத்தத்துக்கு 57 சதவீத ஆதரவு கிடைத்தது. அம்மாநில விதிப்படி 60 சதவீதம் தேவை என்பதால் அது தோற்றது.